போதகர் மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது: விசுவாசத்தில் ஒருவரையொருவர் வளர்ப்பது எப்படி?

சபையில் யாராவது சோர்ந்துபோனால் "பாஸ்டர் பேசிக்கொள்வார்" என்று விட்டுவிடுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் எபிரெயர் 3:13 "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்கிறது. நாடோறும்! சபையில் இருக்கிற அத்தனை பேரிடமும் தினம் பேச எந்தப் போதகராலும் ஆகாது, அதனால் அந்த வசனம் ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற உங்களுக்கும் எனக்கும்தான். எபேசியர் 4-ம் அதிகாரத்திலும் இதுவே இருக்கிறது. மேய்ப்பரும் போதகரும் விசுவாசிகளைச் சீர்ப்படுத்துகிறார்கள், அப்புறம் ஒவ்வொரு அவயவமும் "தன்தன் அளவுக்குத்தக்கதாய்" வேலை செய்யும்போதுதான் சபை என்ற சரீரம் வளருகிறது.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். மொத்தச் சபையையும் எழுப்பிவிட வேண்டும் என்று கிளம்பினால் ஒரு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். ஏற்கெனவே ஓரளவு பழக்கமுள்ள ஒருவர், நீங்கள் ஆண் என்றால் ஒரு ஆண், பெண் என்றால் ஒரு பெண், போதும்; உங்களைவிட விசுவாசத்தில் இளையவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அவரிடம் போய், "நாம் ரெண்டு பேரும் வாரம் ஒருமுறை பேசி, சேர்ந்து ஜெபிக்கலாமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். "உங்களுக்கு நான் உதவி செய்கிறேன்" என்ற தோரணையில் மட்டும் போகாதீர்கள். பவுல் அப்போஸ்தலனே ரோமச் சபையாருக்கு எழுதும்போது, உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய வேண்டும் என்றுதான் எழுதுகிறார் (ரோமர் 1:12). அவருக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்குத் தேவைப்படாதா?

சந்திக்கும்போது என்ன பேசுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன்" என்ற பதில் தயாராக இருக்கும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் குறிப்பாகக் கேளுங்கள். "போன வாரம் உங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னீங்களே, பேச முடிஞ்சுதா?" "இந்த வாரம் வேதம் வாசிச்சதுல எந்த வசனம் மனசுல நின்னுச்சு?" "ஜெபிக்கவே பிடிக்காம இருந்த நாள் ஏதாவது உண்டா?" இப்படிக் கேட்க வேண்டுமானால் போன வாரம் அவர் சொன்னது உங்கள் ஞாபகத்தில் இருக்க வேண்டும். மறந்துபோகும் என்றால் வீட்டுக்கு வந்ததும் ஜெப நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதைவிட, போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிச்சிடலாமா?" என்று கேட்டு அங்கேயே ஜெபித்துவிடுவது மிக நல்லது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெதடிஸ்ட் எழுப்புதல் இயக்கத்தை நடத்திய போதகர் ஜான் வெஸ்லியின் கூட்டங்களில் நடந்த ஒன்று இங்கே பொருத்தமாக இருக்கும். 1742-ல் பிரிஸ்டலில் கூட்டம் கூடும் கட்டிடத்துக்கு இருந்த கடனை அடைக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்து, வாரம் ஒரு பென்னி வாங்கி வரச் சொன்னார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு அந்தந்தக் குடும்பத்தின் நிலைமை, யார் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவந்தது. அப்படித்தான் அந்தச் சிறு குழுக்கள் ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கிற இடமாக மாறின. அந்தப் பொறுப்பாளர்களில் பெரும்பாலானோர் போதகர்கள் அல்ல, சாதாரண விசுவாசிகள். அடிக்கடி பார்த்ததுதான் அங்கே வேலை செய்தது.

அடுத்து, எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் மிக முக்கியமான வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:14: "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." மூன்று விதமான ஆட்கள், மூன்று விதமான உதவி. நாம் செய்கிற பெரிய தவறு, திடனற்றவருக்குப் புத்திசொல்லப் போவது. வேலை போய், ராத்திரி தூக்கமில்லாமல் இருக்கிறவரிடம் "விசுவாசம் போதாது பிரதர்" என்று சொன்னால் அவர் இன்னும் உடைந்துபோவார், அவருக்குத் தேவை பக்கத்தில் ஒரு ஆள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பலவீனர் என்றால் மறுபடி மறுபடி அதே இடத்தில் இடறுகிறவர். அவரைப் பல மாதங்கள் தாங்க வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளக் கூடாது. ஆக, பேசுவதற்கு முன் இவர் இந்த மூன்றில் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். தெரியவில்லையா, இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.

கடிந்துகொள்ள வேண்டிய நேரமும் வரும். அதைத் தவிர்த்துவிட்டு அன்பு என்று பேர் வைக்காதீர்கள். தனியாகச் சொல்லுங்கள், கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லாமல் நீங்களே பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், முதலில் அவர் தரப்பைக் கேளுங்கள். கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது, கூடவே "உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்றும் சொல்கிறது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற விசுவாசத் தம்பதியர் அப்பொல்லோ என்ற பிரசங்கியாரின் பிரசங்கத்தில் குறை இருப்பதைக் கண்டதும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று திருத்தவில்லை, தங்களிடம் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாக விவரித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). அவரும் தொடர்ந்து வல்லமையாகப் பேசினார்.

அவர் உங்களிடம் சொன்னது உங்களோடு இருக்கட்டும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய குடும்பப் பிரச்சினை போய்விட்டால் அவர் இனி யாரிடமும் மனம் திறக்க மாட்டார். அனுமதி வாங்காமல் வாழ்க்கைத்துணையிடம்கூடச் சொல்ல வேண்டாம். ஒரே விதிவிலக்கு: அவர் உயிருக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால், வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால், ரகசியம் காக்காதீர்கள். பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பான வழியில் உடனே மருத்துவரையோ காவல்துறையையோ நாடுங்கள், போதகருக்கும் சொல்லுங்கள். ஜெபமும் செய்யுங்கள், ஆனால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள். "ஏன் வரலை?" என்ற மெசேஜ் வேண்டாம், கணக்குக் கேட்பதுபோல இருக்கும். நேரில் போங்கள். முதல் தடவை சபையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தாலும் போதும். யாரோ அவரைப் புண்படுத்தியிருந்தால் அந்த ஆளுக்காக வக்காலத்து வாங்காதீர்கள். கிளம்பும்போது அவர் சம்மதித்தால் ஒரு சின்ன ஜெபம் செய்யுங்கள், சம்மதிக்காவிட்டால் பரவாயில்லை, "அடுத்த வாரம் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.