எக்ஸ்ப்ளோரருக்குள் நுழையும் முன்: கிட் எக்ஸ்டென்ஷன் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாறிய கோப்பின் மேல் சிவப்பு ஆச்சரியக்குறி, மாறாததன் மேல் பச்சை டிக். விண்டோஸில் கோப்புறைகளைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரரிலேயே கோப்புகளின் நிலையைக் காட்டும் டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய காட்சி. அதுபோல், கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளுக்கு நாமே ஓர் எக்ஸ்டென்ஷன் எழுதிவிடலாமே என்று புதுச்சேரியின் சிறிய மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் நீங்கள் எழுதும் டிஎல்எல் (பிற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் நிரல் கோப்பு) எக்ஸ்ப்ளோரரின் புராசஸுக்குள்ளேயே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே நீங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர். உங்கள் நிரல் விழுந்தால் டாஸ்க்பாரும் சேர்ந்து விழும், திட்டு விண்டோஸுக்குப் போகும்.

பெரும்பாலோர் சறுக்குவது ஓரிடத்தில்தான். ஐகான் போடலாமா என்று எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு கோப்புக்கும் இஸ்மெம்பர்ஆஃப் ஃபங்க்ஷனை அழைத்துக் கேட்கும். அதற்குள்ளேயே கிட்டை ஓட்டி, கோப்பு மாறியதா இல்லையா என்ற நிலையைக் கண்டுபிடிக்கிறார்கள். எழுதியவரின் கணினியில் எஸ்எஸ்டி இருப்பதால் குறை தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தெரிந்தது. சர்வரில் இருந்த பொது டிரைவைத் திறந்ததும் ஜன்னல் வெளுத்துப்போய், தலைப்புப் பட்டியில் 'பதிலளிக்கவில்லை' என்று வந்து நின்றது. வேர்டில் கோப்பைத் திறக்கப் போனாலும் அதே கதை. கோப்பைத் திறக்க வரும் உரையாடல் பெட்டியும் இதே டிஎல்எல்லைத்தான் ஏற்றுகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேர்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார்கள், பாவம்.

டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் இதற்காகவே டிஎஸ்விஎன்கேஷ் என்ற தனி புராசஸை வைத்திருக்கிறது. நிலையைத் தேடும் வேலை அங்கே நடக்கட்டும். உங்கள் டிஎல்எல் அதனிடம் கேட்டு, உடனே பதில் வராவிட்டால் 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். பதில் வந்த பிறகு எஸ்எச்சேஞ்ச்நோட்டிஃபை என்ற விண்டோஸ் ஃபங்க்ஷன் மூலம் ஐகானைப் புதுப்பித்துக்கொள்ளலாம். நெட்வொர்க் டிரைவுகளைப் பயனர் கேட்டால் ஒழியத் தொடாதீர்கள்.

தனி புராசஸ் வைத்தவர்களும் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. நிலையைக் கேட்கும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை வெறுமனே படிப்பதோடு நிற்பதில்லை, இண்டெக்ஸ் எனும் கிட்டின் கோப்புப் பட்டியலைப் புதுப்பித்து எழுதவும் பார்க்கும். அதே நொடியில் பயனர் டெர்மினலில் கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிந்தால்), இண்டெக்ஸ்.லாக் என்ற பூட்டுக் கோப்பு இருக்கிறது என்று பிழை வரும். யார் பூட்டியது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். கிட் 2.15 முதல் இருக்கும் 'நோ ஆப்ஷனல் லாக்ஸ்' விருப்பத்தைச் சேர்த்தால் தொல்லை தீர்ந்தது.

இப்படிக் கோப்பின் மேல் ஒட்டும் மேலடுக்கு ஐகான்களுக்கு விண்டோஸில் மொத்தம் 15 இடங்கள்தாம். அவற்றிலும் சில விண்டோஸுக்கே போய்விடும். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அகரவரிசையில் முந்தியவருக்கே இடம் என்பதால், ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் தம் பெயருக்கு முன்னால் இடைவெளிகளைச் சேர்த்து முண்டியடிக்கின்றன. ரேஷன் கடை வரிசையில் கூட இப்படி நடக்காது! நீங்களும் அதில் இறங்க வேண்டாம். டார்ட்டாய்ஸ் குடும்பத்து மென்பொருள்கள் டார்ட்டாய்ஸ்ஓவர்லேஸ் என்ற ஒரே தொகுப்பைப் பகிர்ந்துகொள்வதுதான் நாகரிகமான வழி.

64 பிட் டிஎல்எல்லை மட்டும் கொடுத்தால் 32 பிட் நிரல்களின் உரையாடல் பெட்டிகளில் எதுவும் தெரியாது. பழைய முறையில் எழுதிய வலது கிளிக் மெனு, விண்டோஸ் 11இல் கூடுதல் விருப்பங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக, தமிழ்க் கோப்புப் பெயர்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 'கடலூர்' 18 பைட். 260 எழுத்துப் பாதைக்கு 260 பைட் ஒதுக்கியவரின் நிரல் நம் ஊர்ப் பெயர்களில்தான் முதலில் உடையும். கிட்டும் தன் பங்குக்கு, இயல்பு அமைப்பில் 'க' என்ற எழுத்தை \340\256\225 என்று அச்சிட்டுத் தரும். அதை அப்படியே ஒப்பிட்டால் எந்தக் கோப்பும் பொருந்தாது, ஐகானும் வராது. 'இசட்' விருப்பத்தோடு அழைத்தால் பெயர் உள்ளபடியே கிடைக்கும். சோதனைக் கோப்புறையில் 'காட்டுமன்னார்கோவில் கணக்கு' என்று ஒரு கோப்பாவது இருக்கட்டும்.