பாதிக்குப் பாதி வேண்டாம்: ஆறு கோடுகளில் ஒரு நாள்

எழுந்து நில்லுங்கள். இரண்டு காலிலும் எடை சரிசமமாக இருக்கட்டும். இப்போது உடம்பை எந்தப் பக்கமும் சாய்க்காமல் ஓர் எட்டு எடுத்து வையுங்கள். முடியாது. எடை முழுவதும் ஒரு காலுக்குப் போனால்தான் மற்றக் கால் தரையை விட்டு எழும்.

இதை எனக்குக் காட்டியவர், சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் அடித்தளத்தில் காலை ஆறரை மணிக்குத் தைச்சி என்ற நிதானமான சீனப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் சிஃபு, அதாவது ஆசான். எழுபதைத் தாண்டியவர். முதல் வாரம் என் தோளில் இரண்டு விரலை வைத்து லேசாகத் தள்ளினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். "ஆ மோய், எந்தக் கால் நிறைந்திருக்கிறது, எந்தக் கால் காலி?" என்றார். "இரண்டும் பாதிப் பாதி, அங்கிள்" என்றேன், ஏதோ சாதித்தவள் போல. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தைச்சியில் அதற்கு 'இரட்டை எடை' என்று பெயர். அது பிழை.

அப்போது நான் வாழ்க்கைப் பயிற்றுநர் தொழிலுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வருகிறவர்களிடமெல்லாம் 'வாழ்க்கைச் சக்கரம்' என்ற வட்டத்தை நீட்டுவேன். வேலை, பணம், உடல்நலம், குடும்பம் என்று எட்டுக் கூறுகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். எல்லாம் ஒரே அளவில் வந்தால் சக்கரம் தடங்கலில்லாமல் உருளும் என்பது கணக்கு. என் சக்கரத்தில் எட்டுக்கும் ஏழு. அந்த வாரத்தில் ஒரு நாள் மகள் சாப்பிட்டுக்கொண்டே பள்ளியில் நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, "இப்போது நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. வேலையில் இருக்கும்போது வீட்டு நினைப்பு, வீட்டில் இருக்கும்போது கைபேசியில் ஒரு கண். இரட்டை எடை.

அதற்குப் பிறகுதான் யின் யாங் பற்றி ஒழுங்காகப் படித்தேன். காலி, நிறைவு போல எதிரெதிரான இரண்டு மாறி மாறி வருவதைச் சொல்லும் சீனச் சிந்தனை அது. கறுப்பும் வெள்ளையும் ஒரு வட்டத்துக்குள் பிணைந்த அதன் சின்னம் மோதிரத்திலும் சட்டையிலும் பார்த்துப் பழகியதுதான். ஆனால் அந்தச் சொற்கள் மலையிலிருந்து வந்தவை. யாங் என்பது மலையின் வெயில் படும் பக்கம், யின் என்பது நிழல் விழும் பக்கம். சீனாவில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் மலையின் தென்சரிவும் ஆற்றின் வடகரையும் யாங். லுவோ ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர் லுவோயாங். ஹுவா மலைக்கு வடக்கே நிழலில் உள்ளது ஹுவாயின். நிழலில் உள்ள ஊர் கெட்ட ஊர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நல்லது, கெட்டது என்ற பேச்சே இதில் கிடையாது.

ஆண் யாங், பெண் யின் என்ற அடுக்கும் உண்டு. ஹான் வம்சக் காலத்துச் சீன அறிஞர் டோங் சோங்ஷு யாங் உயர்ந்தது, யின் தாழ்ந்தது என்றே எழுதிவைத்தார். இன்று 'உங்களுக்குள் இருக்கும் பெண் சக்தியை எழுப்புங்கள்' என்று வாரயிறுதி வகுப்பு நடத்தி ஐந்நூறு வெள்ளி வாங்குகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் நோட்டில் யாங் என்றால் வெளியே செலவாவது, யின் என்றால் உள்ளே வந்து சேர்வது. அவ்வளவுதான்.

நமக்கும் இது அந்நியமில்லை. டுரியான் தின்ற கையோடு அம்மா அந்த ஓட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொல்வார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் அதையே செய்வார். பாட்டி கூடவே மங்குஸ்தானும் கொடுப்பார். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி. இரண்டு வீட்டிலும் யாரும் தராசு வைத்துப் பார்த்ததில்லை. சூடு ஏறினால் குளிர்ச்சி, அவ்வளவே.

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான். காலை ஆறு முதல் நள்ளிரவு வரை உள்ள நேரத்தை மும்மூன்று மணி நேரமாக ஆறு பங்காக்குங்கள். இரவு வேலை பார்ப்பவர்கள் விழித்தெழும் நேரத்திலிருந்து எண்ணலாம். ஒவ்வொரு பங்கும் முடிந்ததும் ஒரு கோடு. அந்த மூன்று மணி நேரம் பெரும்பாலும் வெளியே செலவானால் முழுக் கோடு; உள்ளே சேர்ந்தால் நடுவில் இடைவெளி விட்ட உடைந்த கோடு. முதல் கோடு தாளின் அடியில், அடுத்தது அதன் மேல். ஈ ஜிங் என்ற பழஞ்சீன நூலின் 64 உருவங்களும் இப்படித்தான் ஆறு ஆறு கோடுகளாக, கீழிருந்து மேலாக அமைந்தவை. அதை வைத்துக் குறி பார்ப்பார்கள். நாம் குறி பார்க்கப் போவதில்லை. நடந்ததைத்தான் பார்க்கப் போகிறோம். ஏழு நாள் போட்டால் 42 கோடுகள்.

எது முழுக் கோடு, எது உடைந்த கோடு? எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. செய்த காரியத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். சமையல் ஒருத்திக்கு இளைப்பாறல், இன்னொருத்திக்குத் தண்டனை. அதை முடித்து எழுந்திருக்கும்போது உங்களிடம் தெம்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் முழுக் கோடு போடுங்கள். கைபேசியை விரலால் தள்ளிக்கொண்டே கழிந்த நேரத்துக்கு அநேகமாக முழுக் கோடுதான். படுத்திருந்தீர்கள் என்பதற்காக அது ஓய்வாகிவிடாது.

துணைப்பாட ஆசிரியை ஒருவர் ஒரு வாரம் போட்டுக்கொண்டு வந்தார். 42இல் 37 முழுக் கோடுகள். சனிக்கிழமை மாலை மட்டும் அழகான உடைந்த கோடு. அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தொடர் நாடகம் பார்த்தாராம். கையில் என்ன இருந்தது? கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்கு நோட்டு" என்றார். தானே அழிப்பானை எடுத்துத் தேய்த்து, இடைவெளியை நிரப்பினார். 38. நான் எதுவும் சொல்லவில்லை. கோட்டைப் பயிற்றுநர் போடக் கூடாது. உங்கள் கோட்டைத் திருத்த வரும் பயிற்றுநரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

38ஐ 21 ஆக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். அது மறுபடியும் பாதிக்குப் பாதிக் கணக்கு. சின்னத்தைப் பாருங்கள்: வெள்ளையின் வயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி, கறுப்பின் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி. நமக்குத் தேவை அந்தப் புள்ளிதான். தினமும் ஒரு மணி நேரத் தியானம் என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாம் வாரம் என் குறுஞ்செய்திக்குப் பதில் போடுவதில்லை. ஆசிரியை தேர்ந்தெடுத்தது பஸ்ஸில் ஏழு நிமிடம். கைபேசி பைக்குள், பையின் ஸிப் மூடியபடி, பை மடியில். வேறொன்றும் கிடையாது. முதல் சில நாள் கை தானாக ஸிப்புக்குப் போனதாம். நிறைந்த காலில் முழுதாக நிற்கத் தெரிந்தவர் அவர். காலியான காலைத் தூக்கத்தான் பழக வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. யாங்கைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனைதான் ஊரெங்கும் கிடைக்கிறது. யின் மிஞ்சியவர்களை யாரும் கவனிப்பதில்லை. கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் வந்தார். 36 உடைந்த கோடுகள். பிள்ளைகள் "அப்பா, நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லிச் சொல்லியே அவரை நாற்காலியோடு தைத்துவிட்டார்கள். "கடைசியாக உங்கள் கை எப்போது அலுத்தது, அண்ணே?" என்று கேட்டேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தினமும் காலையில் காப்பிக் கடையில் இரண்டு கோப்பி வாங்கி, ஒன்றைக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுப்பது என்று முடிவானது. மூன்றாம் வாரம் அந்த வீட்டு இரும்புக் கதவின் கீல் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். அதைச் சரிசெய்த அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான கோட்டைப் பென்சிலால் இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தார்.

டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டின் மிக நீண்ட இரவு. எதிர்வீட்டிலிருந்து தாங் யுவான் என்ற அரிசிமாவு உருண்டைகள் வரும். அன்றைக்குத்தான் யாங் பிறக்கிறது என்பார் சிஃபு. ஈ ஜிங்கில் அதற்குரிய 24ஆம் உருவத்தில் ஐந்து உடைந்த கோடுகளுக்கு அடியில் ஒரே ஒரு முழுக் கோடு. அண்ணனிடம் அதை வரைந்து காட்டினேன். "இது என் கோப்பி" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு கோடுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். அடியில் மூன்று முழுக் கோடு, மேலே மூன்று உடைந்த கோடு என்றால் அது 11ஆம் உருவம், பெயர் அமைதி. காலையில் செலவழித்து மாலையில் சேர்க்கும் நாள். தலைகீழாக வந்தால் 12ஆம் உருவம், பெயர் தேக்கம். மூன்று முழுக் கோடு என்றால் வானம், மூன்று உடைந்த கோடு என்றால் பூமி. அமைதி உருவத்தில் வானம் கீழே, பூமி மேலே என்பதுதான் வேடிக்கை. இலேசானது ஏறுகிறது, கனமானது இறங்குகிறது, நடுவில் சந்திக்கின்றன என்று விளக்குவார்கள். அதற்காக இரவில்தான் கவிதை எழுத வருகிறது என்பவர் அதைக் காலைக்கு மாற்ற வேண்டியதில்லை. உங்கள் ஏழு தாளையும் வரிசையாக ஒட்டிவைத்தால் எந்த வேளை எப்போதும் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியும். புள்ளியை அங்கே வையுங்கள். ஒரே ஒரு புள்ளி, நான்கு வாரம்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் கோடு போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அது என் வேலையும் இல்லை, யின் யாங்கின் வேலையும் இல்லை.

இதை எழுதும்போது இரவு மணி ஒன்பதே கால். இன்றைய தாளில் கீழிருந்து: உடைந்தது, முழுக்கோடு, முழுக்கோடு, முழுக்கோடு. ஐந்தாவது மகளோடு நடந்துபோய்க் கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்த நேரம், உடைந்த கோடு. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் இன்றைக்குச் சொல்வேன். ஆறாவதை இன்னும் போடவில்லை.