சவப்பெட்டி எடுக்கப் போகுமுன் வாசலை அளந்துகொள்ளுங்கள்

எங்கள் அப்பாயி தவறியபோது, ஆசைப்பட்டு அகலமான பாலிஷ் பெட்டி எடுத்தோம். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பரா வாசலில் அது திரும்பவே இல்லை. சரித்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். அதைப் பார்த்து அம்மா அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது.

சவப்பெட்டி விற்கும் மலர்ச்சாலைக்குப் போகுமுன் ஒரு கயிற்றில் ஆளின் நீளம், தோள் அகலம், வாசல் அகலம் மூன்றையும் முடிச்சுப் போட்டு எடுத்துப்போங்கள். பெட்டியின் வெளி அளவைக் கேளுங்கள். கைப்பிடி சிலதில் வெறும் அலங்காரம்தான், நம்பாதீர்கள். அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மழையில் வழுக்கும் படிக்கட்டிலும் தேயிலை மலைக் குறுக்குப் பாதையிலும் அதைச் சுமக்கப்போவது நம் பிள்ளைகள். புதைப்பதென்றால் இலேசான பலகைப் பெட்டியே போதும், அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. எம்பாம் (உடலைக் கெடாமல் பதப்படுத்துவது), வாகனச் செலவு விலைக்குள் அடங்குமா என்றும் கேட்டுவிடுங்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் அங்கத்தவரென்றால், பணம் கட்டுமுன் அவர்களிடம் பேசுங்கள்.