உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது செட்டிநாட்டில் இன்றும் வழக்கம். அதனால் பிள்ளை உதட்டுப் பிளவோடு பிறந்தால் முதலில் தலைகுனிந்து நிற்பவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள்தான். பார்க்க வருபவர்கள் கேட்பதும் ஒரே கேள்வி: “கிரகணத்தன்னைக்கு வெளியில போனியாத்தா? அருவாமனையக் கையில எடுத்தியா?” இருக்கிற தவறுகளிலேயே பெரிய தவறு இந்தக் கேள்விதான்.

கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது ஏறத்தாழ நான்கு முதல் ஏழு வாரங்களுக்குள். வாயின் மேற்கூரையான அண்ணம் அதற்குச் சற்றுப் பின்னால் மூடும். நாள் தள்ளிப்போனதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமிருந்து வளர்ந்து வரும் திசு நடுவில் சேராமல் நின்றுவிடுவதுதான் பிளவு. பரம்பரைக் கூறு, தாய்க்கு ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோய், புகை, சில வலிப்பு மருந்துகள் எனப் பலதும் இதற்குப் பின்னால் இருக்கலாம். பெரும்பாலும் இன்னதுதான் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. உலகம் முழுக்க சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. கிரகணத்துக்கும் அருவாமனைக்கும் இதில் வேலையே இல்லை. பச்சை உடம்புக்காரியை நிறுத்தி வைத்து விசாரிக்காதீர்கள்.

அடுத்தது பால் விஷயம். இதில் நடக்கும் தவறு பிள்ளையின் எடையிலேயே தெரிந்துவிடும். உதட்டில் மட்டும் பிளவு என்றால் பல குழந்தைகள் தாய்மார்பிலேயே குடித்துக்கொள்ளும். அண்ணத்திலும் பிளவு இருந்தால் வாய்க்குள் காற்று அடைபடாது, உறிஞ்ச வராது. மணிக்கணக்காக மார்பில் போட்டு வைத்தாலும் பிள்ளை களைத்துப்போகுமே தவிர வயிறு நிறையாது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு மாட்டுப்பாலுக்கோ சர்க்கரைத் தண்ணீருக்கோ போகக் கூடாது. பாலைப் பீச்சி எடுத்துக் கொடுக்கலாம். சீரில் வந்த வெள்ளிச் சங்கு வீட்டில் இருக்குமே, அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். அம்மாவைப் பெற்ற ஆயா மடியில் பிள்ளையைச் சாய்வாக நிமிர்த்தி, தலையை ஒரு கையால் தாங்கி, சங்கின் மூக்கைக் கடைவாயோரம் வைத்துக் கொஞ்சம் விட வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். மூக்கு வழியாகப் பால் வந்தால் பதற வேண்டாம். நிறுத்தி, துடைத்து, மறுபடி கொடுக்கலாம். காற்றும் சேர்ந்து உள்ளே போகும், அதனால் நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். படுக்க வைத்து மட்டும் ஊட்டாதீர்கள், புரையேறும். ஒவ்வொரு வேளையும் அரைமணிக்கு மேல் இழுத்தாலோ, எடை ஏறாவிட்டாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உதடு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவதும் தவறு. அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள பிள்ளைகளும் உண்டு. பிறந்தவுடன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

“ஒரு வயசு ஆகட்டும், காதுகுத்து முடியட்டும்” என்று ஆபரேஷனைத் தள்ளுபவர்கள் பலர். உதட்டுக்கு வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்தில் செய்கிறார்கள், அண்ணத்துக்கு ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள். பிள்ளையின் எடையையும் ரத்த அளவையும் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். உதடு தைத்ததும் முகம் சரியாகிவிட்டதென்று அண்ணத்தை மறந்தால், பேசும் வயதில் சொற்கள் மூக்கு வழியாகப் போகும். அப்புறம் பேச்சுப் பயிற்சியும் நீளும். காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவதும் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம், காதையும் சோதிக்க வேண்டும். எட்டு முதல் பதினொரு வயதில் ஈறில் எலும்பு வைக்கும் சிகிச்சை சிலருக்குத் தேவைப்படும். வளர வளரத் தொடரும் வேலை இது.

பணத்துக்குப் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். பிறவிக் குறைகளைக் கண்டறிய மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில் இந்தப் பிளவும் சேர்ந்திருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனமும் தன்னோடு இணைந்த மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்து தருகிறது.

பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடி வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டிலேயே வைத்துக்கொள்வதும், விசேஷங்களுக்குத் தூக்கி வராமல் இருப்பதும் பெற்றவளைத்தான் தனியாக்குகிறது. சிகிச்சைக்குப் போகும் இடத்தில் இதே பாதையைக் கடந்த குடும்பங்கள் இருக்கும், அவர்களோடு பேசுங்கள். பாலூட்டும் வேலையை ஆயாவும் அப்பத்தாவும் முறை வைத்துக்கொள்ளட்டும். மருத்துவமனைக்குப் பிள்ளையைப் பெற்ற அப்பச்சியும் கூடப் போகட்டும், டாக்டர் சொல்வதைக் கேட்க இரண்டு காது கூடுதலாக இருக்கும்.

“அடுத்ததுக்கும் வருமா?” என்று தயங்காமல் கேளுங்கள். பெற்றோருக்கு இல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருந்தால், அடுத்ததற்கு வரும் வாய்ப்பு பொதுவாக நூறில் இரண்டு முதல் ஐந்து. கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.