டிவைஸ் ட்ரீயில் ரீசெட்: தவறாக எழுதினாலும் ஏன் ஓடுகிறது?

போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ. சிப்பின் ஒரு பகுதியை (பிளாக்கை) தொடக்க நிலையில் நிறுத்தி வைத்து விடுவிக்கும் சிக்னல்தான் ரீசெட்; டிவைஸ் ட்ரீயில் அதற்கென்று எழுதுவது இரண்டு மூன்று வரிதான். அதைத் தப்பாக எழுதினாலும் போர்டு பெரும்பாலும் ஓடிவிடும் என்பதுதான் சிக்கலே. கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடரான யூ-பூட் அந்த பிளாக்கை முன்னமே ரீசெட்டிலிருந்து விடுவித்து வைத்திருக்கும். அதனால் கெர்னல் வேறொரு பிட்டைத் தொட்டாலும் யூஎஸ்பி வேலை செய்யும். டிரைவர் மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றும்போதோ, பூட் நேரத்தைக் குறைக்க யூ-பூட்டிலிருந்து யூஎஸ்பியை எடுத்த பிறகோதான் குட்டு வெளிப்படக்கூடும்.

அதிகம் சறுக்குவது எண்ணில். ரீசெட்டுகளை இயக்கும் கன்ட்ரோலரின் நோடில் (டிவைஸ் ட்ரீயில் ஒரு சாதனத்துக்கான பகுதி) ‘#ரீசெட்-செல்ஸ்’ 1 என்றிருந்தால், அதைப் பயன்படுத்தும் நோடு ‘ரீசெட்ஸ்’ வரியில் கன்ட்ரோலரின் பெயரோடு ஓர் எண்ணும் தர வேண்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது சிப்புக்குச் சிப் மாறும். எஸ்டிஎம்32எம்பி1-இல் ரெஜிஸ்டரின் ஆஃப்செட்டை (தொடக்க முகவரியிலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பதை) 8-ஆல் பெருக்கிப் பிட் எண்ணைக் கூட்ட வேண்டும்: ஹெக்ஸ் 180, அதாவது 384-இல் உள்ள ரெஜிஸ்டரின் முதல் பிட் (பிட் எண் 0) 3072, அது எல்டிடிசி டிஸ்ப்ளே பிளாக்கின் ரீசெட். ராக்சிப் ஆர்கே3399-இல் ஒரு ரெஜிஸ்டருக்கு 16 ரீசெட் பிட். ரெஜிஸ்டர் எண்ணை 16-ஆல் பெருக்கிப் பிட்டைக் கூட்டினால் போதும். அதே பழக்கத்தில் ஆர்கே3588-க்கும் மேனுவலைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தொலைந்தது. அங்கே இருப்பவை வெறும் வரிசை எண்கள்; எது எந்தப் பிட் என்ற அட்டவணை டிரைவருக்குள் இருக்கிறது. எளிய கன்ட்ரோலர்களில் கெர்னல் பார்ப்பதெல்லாம் எண் வரம்புக்குள் இருக்கிறதா என்பது மட்டுமே. வரம்புக்குள் இருக்கும் தப்பான எண்ணுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. சம்பந்தமில்லாத பிளாக் ஒன்று செத்துப்போகும். ஆகவே எண்ணைக் கையால் எழுதாமல், டிடி-பைண்டிங்ஸ் ஹெடரில் (இந்த எண்களுக்குப் பெயர் தரும் கோப்பு) உள்ள மேக்ரோவையே எழுதுங்கள்.

அந்த ஹெடரை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், புதிய ரீசெட்டை அகர வரிசைக்காக நடுவில் செருகாதீர்கள். பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். பழைய டிடிபி கோப்போடு (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) புதிய கெர்னல் ஏறினால் இரண்டும் வேறு வேறு பாஷை பேசும். கடைசியில் சேர்ப்பதே சரி, அழகில்லாவிட்டாலும்.

அடுத்தது போலாரிட்டி, அதாவது சிக்னல் தாழ்ந்திருக்கும்போது ரீசெட்டா (ஆக்டிவ் லோ), உயர்ந்திருக்கும்போதா என்பது. ‘ரீசெட்ஸ்’ வரியின் முடிவில் ஜிபிஐஓ-வுக்கு (மென்பொருள் இயக்கும் பொதுப் பின்) போடுவதுபோல ‘ஆக்டிவ் லோ’ என்று சேர்ப்பவர்கள் உண்டு. பொதுவான பைண்டிங்கில் (நோடை எழுதும் விதிமுறை) அதற்கு இடமில்லை. சிப்புக்குள் உள்ள ரீசெட்டின் போலாரிட்டியைக் கன்ட்ரோலர் டிரைவர்தான் அறியும். வெளியே தனிச் சிப்பின் ரீசெட் பின்னுக்குப் போகும் கம்பிக்கு எழுத வேண்டியது ‘ரீசெட்-ஜிபிஐஓஸ்’. ஸ்கீமேட்டிக்கில் பின் பெயரின் மேல் கோடு இருந்தால் ஆக்டிவ் லோ என்று எழுதுங்கள். அதன்பின் டிரைவரில் 1 என்றால் ரீசெட்டில் வை என்று பொருள். டிரைவரில் ஒரு தலைகீழ், டிவைஸ் ட்ரீயில் இன்னொரு தலைகீழ் என இரண்டு தப்பு சேர்ந்து சரியாக ஓடும் போர்டுகள் ஏராளம். யாராவது ஒன்றைத் திருத்தும்வரைதான் அந்த நிம்மதி.

கேபிள் பக்கம் உள்ள ஈதர்நெட் ஃபை (PHY) சிப்பில் இது தனித் தலைவலி. ஃபை நோடுக்குள் ‘ரீசெட்-ஜிபிஐஓஸ்’ எழுதியிருக்கும். ஆனால் ஃபையோடு கெர்னல் பேசும் எம்டிஐஓ பஸ்ஸைத் துழாவும் நேரத்தில் சிப் இன்னும் ரீசெட்டிலேயே கிடந்தால் ஐடியைப் படிக்க முடியாது, ஃபை இல்லை என்று முடிவாகிவிடும். ‘கம்பாட்டிபிள்’ வரியில் ஃபை ஐடியையே எழுதிவிட்டால் கெர்னல் படித்துப் பார்க்காமலே சிப்பைப் பதிவு செய்யும். இல்லையென்றால் ரீசெட்டை எம்டிஐஓ நோடுக்கு ஏற்றுங்கள். நேரம் மைக்ரோசெகண்டில் என்பதையும் மறக்க வேண்டாம்: 10 மில்லிசெகண்ட் வேண்டுமானால் ஃபை நோடில் ‘ரீசெட்-அசெர்ட்-யூஎஸ்’ மதிப்பு 10000, 10 அல்ல.

ஒரே ரீசெட் பல பிளாக்குகளைப் பாதித்தால் எல்லா நோடிலும் அதை எழுதாதீர்கள். தனக்கு மட்டும் என்று கேட்கும் இரண்டாவது டிரைவருக்கு ஈபிசி (EBUSY, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது) பிழை கிடைக்கும். பஸ்ஸில் உள்ள அத்தனையும் சேர்ந்து ரீசெட் ஆகுமென்றால் அதை பஸ் நோடில் எழுதுவதே பொருத்தம்.

ரீசெட்டுகளுக்குப் பெயர் தரும் ‘ரீசெட்-நேம்ஸ்’ வரிசை ‘ரீசெட்ஸ்’ வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். மாறினாலும் டிவைஸ் ட்ரீ கம்பைலரான டிடிசி கண்டுகொள்ளாது. செல் எண்ணிக்கை பிசகினால் மட்டும் அது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அடக்கி வைக்காதீர்கள். கெர்னலின் ‘டிடிபிஎஸ்_செக்’ சோதனையை ஓட்டினால் இன்னும் பல பிடிபடும்.

டிரைவர் மைனஸ் 517 (தேவையானது இன்னும் தயாரில்லை, பிறகு முயல் என்ற பிழை) தந்து காத்துக்கொண்டே இருந்தால், கன்ட்ரோலர் நோடு ‘டிசேபிள்ட்’ ஆக இருக்கிறதா, அதன் டிரைவர் கெர்னலில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிழை தேட உதவும் டீபக்எஃப்எஸ்-இல் ‘டிவைசஸ்_டிஃபர்ட்’ கோப்பு காத்திருப்பவற்றின் பட்டியலைத் தரும். எல்லாம் சரி என்று தோன்றினாலும் சிஸ்எஃப்எஸ் வழியாக டிரைவரை அன்பைண்ட் செய்து (சாதனத்திலிருந்து பிரித்து) மறுபடி பைண்ட் செய்யுங்கள். யூ-பூட்டின் தயவில்லாமல் பிளாக் எழுந்திருக்கிறதா என்பதற்கு அப்போது ஒரு துப்புக் கிடைக்கலாம்.