தாமதமாகும் என்றால் நாமே முந்திச் சொல்லிவிடுவோம்

வெளிநாட்டு ஆர்டர் தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றைக்கே, அவர்கள் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள். முதல் வரியில் புதிய தேதி. அடுத்து, அவர்களுக்கு இதனால் வரும் சிரமம் புரிகிறது என்று ஒரு வரி. காரணம் கடைசியில் வந்தால் போதும். சாக்கில் தொடங்கும் கடிதத்தை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை.

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் ஓடு) அனுப்புபவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இது ரொம்பவே உதவும். கண்ணாடி மேல் சாயக் கலவை ஊற்றி வார்த்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். அடைமழையில் அது சீக்கிரம் நடக்காது. நமக்குத் தெரிந்த விஷயம்தான். மெல்பர்னில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் அங்கே வீட்டுக்காரரிடம் நாள் சொல்லியிருப்பார். நாம் பேசாமல் இருந்தால், ஏமாற்றுகிறோம் என்றுதான் நினைப்பார். தொட்டியில் ஊறும் கல்லை செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள், பாதிக் கவலை தீரும்.

எல்.சி. ஆர்டருக்கு, அதாவது ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி உறுதி தரும் ஆர்டருக்கு மட்டும் இது போதாது. வங்கி பார்ப்பது ஆவணத்தை. ஷிப்மென்ட் கடைசித் தேதி தாண்டினால், வாங்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பணம் சிக்கிக்கொள்ளலாம். தேதி முடியும் முன்பே அவரிடம் கேட்டு எல்.சி.யில் திருத்தம் வாங்கிவிடுங்கள்.