மதியம் 12 மணிக்கு விடியும் மாந்தோப்பு

காவேரிப்பட்டினம் பக்கம் சித்தப்பா தோப்பில் சொட்டுநீர் மோட்டாரை ஒரு குட்டி லினக்ஸ் போர்டு இயக்குகிறது. பேட்டரி போட்ட கடிகாரச் சிப் அதில் கிடையாது. கரண்ட் போய்த் திரும்பினால், லினக்ஸ் நேரத்தை எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1-க்கே போய்விடும். நம் நேரப்படி காலை 5.30. அதனால் மதியம் கரண்ட் வந்தாலும் காலை 6 மணி வேலைக்கான மோட்டார் அரை மணியில் ஓடத் தொடங்கும். “உன் மிஷினுக்குப் பொழுதே தெரியாதாடா?” என்பார் சித்தப்பா.

நெட்டில் நேரம் கேட்டு வாங்கும் முழு என்டிபி தொகுப்புக்கு போர்டில் இடமில்லை. மோட்டாருக்கு மில்லி செகண்ட் கணக்கு எதற்கு? குட்டி போர்டுகளுக்கான கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸிலேயே அதே வேலைக்குச் சின்ன என்டிபிடி இருக்கிறது. யூடிபி 123-ம் போர்ட்டில் 48 பைட் கேள்வி போகும், பதில் வரும், அவ்வளவுதான்.

சிக்கல் எது முதலில் கிளம்புகிறது என்ற வரிசையில். மோடத்துக்கு சிக்னல் கிடைக்குமுன்பே, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் கிளம்பிவிடும். போர்டு எழும்போதே (பூட்) ஓடுபவற்றின் பட்டியலிலிருந்து கிரானை எடுத்துவிட்டேன். என்டிபிடிக்கு பெரிய எஸ் ஆப்ஷனில் ஒரு ஸ்கிரிப்ட் கொடுக்கலாம்; நேரம் ஒத்துப்போனதும் ‘ஸ்ட்ராட்டம்’ என்று சொல்லி அதை அழைக்கும். கிரானை எழுப்புவது இப்போது அந்த ஸ்கிரிப்ட்தான், ஏற்கெனவே ஓடாமல் இருந்தால் மட்டும்.

இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு 5.30 மணி முன்னால் என்றாலும், நேர மண்டலத்தை ஐஎஸ்டி-5:30 என்று கழித்தல் குறியோடு எழுத வேண்டும். லினக்ஸ் பின்பற்றும் போசிக்ஸ் தரத்தின் விதி அப்படித் தலைகீழ்!

அப்புறம், சிக்னலே வராத நாளுக்கு டிஎஸ்3231 கடிகாரச் சிப்பும் சிஆர்2032 பேட்டரியும் சேர்த்தேன். என்டிபி நேரம் வந்ததும் சிப்பில் எழுதிவைக்கிறேன், பூட் ஆகும்போது படிக்கிறேன். அதில் ஆண்டு சரியாக இருந்தால் நெட்டுக்குக் காத்திராமல் கிரான் கிளம்பும். மலிவான டிஎஸ்1307 வேண்டாம். கிருஷ்ணகிரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் கிரிஸ்டல் பிசகும், 3231 அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.